குங்குமப் பொட்டு வைத்த கார்டு

எழுத்துக் கோணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தியவேட்டில் என் மகள், ஊரார் கல்யாண வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருகிறாள். கம்ப்யூட்டரில் படம் நின்று நின்று ஓடியதால், அதைத் தூக்கிக்கொண்டு திருப்பதியில் ஒரு கடைக்குப் போனோம்.

"பழைய கிராபிக்ஸ் கார்டு குப்பைம்மா. குட்த்துட்டு புதுசு வாங்கிக்க" என்றான் கடைக்காரன். கம்ப்யூட்டருக்குள் இருந்து படம் காட்டும் அந்தப் பலகையை, பழைய பாத்திரம் போட்டுப் புதுசு வாங்குவதுபோல் கொடுத்துவிட்டேன். கறவை மாடு விற்ற பணம் மொத்தமும் போனது.

புதுசைப் போட்டதும் கம்ப்யூட்டரே அணைந்தது. மறுநாள் போனால், "உள்ள கரண்ட் குடுக்கிற பவர் சப்ளையும் மாத்தணும்" என்கிறான். அவன் மேசையில், விலைச் சீட்டு ஒட்டி, எங்கள் பழைய கார்டு! ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் திறந்து நான் வைத்த குங்குமப் பொட்டு அழியவே இல்லை.

நாலு பேர் எதிரே வாய் திறக்காத நான், "குப்பைய யாருக்கு நைனா வித்துக்கினு கீறே?" என்று கத்திவிட்டேன். ஆட்கள் கூடவும் பணத்தையும் கார்டையும் திருப்பித் தந்தான், திருடன்.

தூசி தட்டியதும் பழையதே நன்றாக ஓடுகிறது. மாட்டு விலைக்குப் புதுசு எதற்கு? புதுசு ஓடிக் காட்டாமல் பழையதை இப்போது நான் கைவிடுவதில்லை. சாமான்களின் பெயரைச் சரியாக எழுதினேனா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.