குண்டடத்தில் ஏறிய பஸ்

அருள்செல்வன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தெருவில் யாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். தைப்பூசத்துக்கு அந்தத் தெருவிலிருந்து பழனிக்கு நடந்து போகிற கூட்டத்துக்குப் பல வருஷமாக அவர்தான் முன்னால் நடப்பவர். மாலை போடுகிறவர்களுக்கு விரத முறையெல்லாம் அவரே சொல்வார். பீடி, சிகரெட் கூடவே கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்.

அந்தப் பழக்கம் அவருக்கே இருந்தது. கம்பெனியின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் ஊதிவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வருவார். விரத நாட்களில் கழுத்து மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு ஊதுவார். அது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தார்.

போன தைப்பூசத்துக்கு முன்பே இடது கெண்டைக்கால் தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைச்சதையைக் கயிறு போட்டு முறுக்குவது போலிருக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். நிற்க வேண்டி வரும்போதெல்லாம் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். பாதயாத்திரையில் அந்தத் தந்திரம் அவினாசிபாளையம் வரைக்கும்கூட ஒழுங்காக ஓடவில்லை. குண்டடத்தை நெருங்கும்போது பத்தடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டியதாகிவிட்டது.

"நீங்க போயிட்டே இருங்க. கம்பெனியில இருந்து போன். பேசிட்டு வந்தர்றேன்" என்று கூட்டத்தை முன்னே அனுப்பினார். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் தாராபுரம் பஸ்ஸில் ஏறினார். மாலையும் காவி வேட்டியுமாக நின்றவருக்கு ஒரு பெண்பிள்ளை எழுந்து இடம் கொடுத்தாள். தன் கூட்டத்தைப் பஸ் தாண்டிப் போனபோது அவர் குனிந்து, இல்லாத எதையோ காலடியில் தேடினார்.

தாராபுரத்துக்கு முன்னால் இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கூட்டம் வந்து சேர்ந்தது. அவரைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் ஆச்சரியம்.

"தோட்டத்து வழியா குறுக்கால வந்துட்டேன்" என்றார்.

"சாமி நடக்கலீங்க, பறக்கறாருங்க!" என்றான் ஒருவன். முதல் வருஷம் மாலை போட்டிருந்த ஒரு பெண், கொப்புளம் கட்டிய காலோடு வந்து அவர் காலில் விழுந்தாள். தன் காலை இழுத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை, ஆசீர்வாதம் பண்ணவும் கை எழவில்லை. கூட்டத்தில் தவசி மட்டும் கிட்டே வராமல் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு டெம்போவை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தவன் அவன்தான்.

மீதி வழியைப் பின்தங்கி, நின்று நின்று எப்படியோ நடந்து முடித்தார். ஊர் திரும்பிய பிறகு இடது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்துப் புண்ணாகி, ஆறவே இல்லை. மனைவி சாந்தாமணி வற்புறுத்திக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள். ரத்தக்குழாய் டாக்டரம்மா கணுக்காலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். கையில் இருந்ததில் பாதிகூட இல்லை. பிறகு டாப்ளர் ஸ்கேன், மருந்து ஏற்றிச் சி.டி. ஸ்கேன். படத்தில் வலது காலின் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாக முழங்கால் தாண்டி இறங்கியது. இடது கோடு தொடை நடுவில் நின்றுபோயிருந்தது. அதைச் சுற்றி மயிரிழை போலச் சின்னக் குழாய்கள் வளைந்து போய், கீழே மங்கலாக மறுபடி ஒரு கோட்டைத் தொட்டன.

"கொழுப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு அடைச்சிருக்கு. ஒரு நாள்ல வந்ததில்லை. கால்ல இருந்தா இதயத்துலயும் கழுத்துலயும் இருக்கலாம், அதையும் பார்க்கணும். சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்லீங்க. அதெல்லாம் கிடையாதுங்க."

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சாந்தாமணி மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"இருக்குதுங்க. கல்யாணமானதுல இருந்தே தெரியுங்க. விரதத்துலயும் உண்டுங்க."

அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருஷம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள்தானே என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுவாரம் இடுப்பு மடிப்பில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, குழாய்க்குள் கம்பி விட்டு, பலூனை ஊதி அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். விழித்தபடியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றிருந்த கோடு மெல்ல நீண்டு கீழே இறங்கியது. பாதத்தில் சூடு பரவியது.

ஆஸ்பத்திரிக்குத் தவசி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான்.

"குண்டடத்துல நீங்க பஸ் ஏறுனதை நான் பார்த்தனுங்ணா."

"யாருகிட்டச் சொன்னே?"

"யாருகிட்டயும் சொல்லலீங்ணா. கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டெம்போவுலயே ஏத்தியிருப்பனே. அதுதான் மனசுக்குச் சங்கடமாப் போச்சு."

அருள்செல்வன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஸ் ஏறியதைப் பார்த்த பிறகும், பழனி போய்ச் சேர்ந்ததும் தனக்குப் பூமாலை போட்டவன் இவன்தான் என்று நினைவு வந்தது.

குழாயைத் திறந்தாயிற்று, இனி மூடாமல் வைத்துக்கொள்வது உங்கள் கையில் என்றார் டாக்டரம்மா. சிகரெட்டை அடியோடு விட வேண்டும், மாத்திரை நிறுத்தக் கூடாது, தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். சிகரெட்டை விட்டார், இரண்டு தரம் தவறிப்போய், இரண்டு தரமும் தானே சாந்தாமணியிடம் போய்ச் சொன்னார். புண் ஆறியது.

மார்கழியில் தவசி வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் முன்னால யாருங்ணா?" என்று கேட்டான்.

"நீயே போ தவசி."

'நீங்க இல்லாம எப்பிடீங்ணா' என்று அவன் மறுப்பான் என அருள்செல்வன் காத்திருந்தார். தவசி மறுக்கவில்லை. "சரீங்ணா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்ததே அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

கூட்டம் புறப்பட்ட அன்று ஊர் எல்லையில் இருக்கும் கோவில்வழி வரைக்கும் அவர்களோடு நடந்தார். முன்பைவிட அதிக தூரம் தாங்கிய கால் வழியில் பிடித்தபோது போனை எடுக்கவில்லை. நடுத்தெருவில் சும்மா நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். போன வருஷம் காலில் விழுந்த பெண்ணும் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வலி விடுவதற்காகக் காத்திருந்தார்.