எழும்பச் சொன்ன வீட்டிலேயே என் இத்தா முடிந்தது

அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். என்னைப் போல நெருக்கடியில் இருக்கும் சகோதரி ஒருத்தியாவது படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என் கணவரை அடக்கிய மண் காயவில்லை. அதற்குள் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் எக்ரிமெண்ட் முடிந்துவிட்டது. நான் இத்தாவில் இருந்தேன். கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அவர் வாழ்ந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், தேவையில்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது. ஆனால் அந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை இல்லை. வெளியே போகவும் ஏலாது, உள்ளே இருக்கவும் ஏலாது. இதைவிட இறுக்கமான இடம் ஒன்று உண்டா, சொல்லுங்கள்.

சொந்த வீடு இல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். சாய்ந்தமருதில் என் உம்மா எனக்குத் தந்த வீடு இருந்தது. எங்களுக்கு ஒரே மகள், றிஸ்னா. அவளுக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் அவரும் வாடகைக்கு வந்தோம். எங்கள் கிழக்குக் கரையில் இது புதினமில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார், ஆகவே பெண்ணுக்கு வீடு வேண்டும். பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வாடகைக்கு இருக்கிற உம்மா வாப்பாவை எந்தத் தெருவிலும் காணலாம்.

என் கணவர் கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றவர். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்துப் பிறை கண்ட நேரம். அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்காரர் ஒரு ஹாஜியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஷஃபான் நடுவில் எக்ரிமெண்ட் முடிகிறது, வீட்டை விட்டு எழும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். நாங்களும் ஓம் என்றிருந்தோம். என் கணவர் வேறு வீடு தேடிக்கொண்டுதான் இருந்தார். தேடியவர் போய்விட்டார்.

தவணை கழிந்ததும் ஹாஜியார் வந்தார். நான் இத்தாவில் இருப்பதால் அறை வாசலில் தொங்கிய சீலைக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு மூன்று தரம் செருமினார்.

“ராத்தா, உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா நோன்புப் பெருநாள் கழிய மகள்ற கலியாணம். இந்த ஊடுதான் அவவுக்கு. ஊடில்லாம மாப்புள எங்க வாற?”

ஒரு மகளுக்கு வீட்டைக் கொடுத்தவள் நான். அவர் கேட்டதன் நியாயம் என்னைவிட யாருக்குத் தெரியும்?

றிஸ்னாவின் வீட்டுக்குப் போகலாம்தானே என்று கேட்பீர்கள். மருமகன் தச்சு வேலை செய்கிறவர். வேலைத்தளம் வீட்டு முற்றத்தில். விடிந்தால் பொழுதுபட்டால் ஆண்கள் வந்து போகிற இடம். ஹோலும் ஓர் அறையும்தான். அங்கே நான் எந்த மூலையில் இத்தா இருக்க?

மவ்லவி ஒருவரிடம் மகள் விசாரித்தாள். வீட்டுக்காரர் மனம் பொருந்தாவிட்டால் கிட்டிய இடத்துக்கு மாறலாம், உங்கள் மீது குற்றமில்லை, ஆனால் அவருடைய விருப்பம் இல்லாமல் அங்கே இருப்பது சரியில்லை என்று சொன்னார். மருமகன் அடுத்த மாத வாடகையைக் கொண்டுபோனார். ஹாஜியார் வாங்கவில்லை. வாங்கினால் எக்ரிமெண்டைப் புதுப்பித்த மாதிரி ஆகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

என் தம்பி வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். சட்டத்தில் இடம் இருக்கிறது, கோட்டுக்குப் போனால் உங்களை வருஷக் கணக்கில் யாராலும் அசைக்க முடியாது என்றான். அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

“கேஸப் போட்டா இரிக்கலாம் தம்பி,” என்றேன். “தொழ ஏலாது.”

அதுதான் என் நெஞ்சை அறுத்த விஷயம். உடையவன் மனம் பொருந்தாத நிலத்தில் முஸல்லாவை விரித்து என்னத்தைக் கேட்பது? அந்த நாட்களில் ஸுஜூதில் நெற்றியை வைத்தால் நிலமே என்னைத் தள்ளுவது போல இருக்கும். கணவர் போன துக்கத்துக்கு அழ நேரமில்லாமல் வீட்டுக்காக அழுதுகொண்டிருந்தேன். இதை நினைத்து இன்னும் அழுகை வந்தது.

நான் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் றிஸ்னா ஒரு நாள், “உம்மா, அந்தக் கலியாணம் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் எண்டு துஆக் கேளுங்களன்” என்றாள். அவளை அதட்டினேன். அடுத்தவர் பிள்ளையின் கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் கையேந்த மாட்டேன். அல்லாஹ்விடம் கேட்கப் போகும்போது கையில் அழுக்கோடு போவதா?

அன்றைக்கு லுஹர் தொழுதுவிட்டு நான் கேட்டது இதுதான். யா அல்லாஹ், அந்தப் பிள்ளையின் கலியாணம் குறித்த நாளில் நடக்கட்டும். நானும் என் இத்தாவை இந்த வீட்டிலேயே முடிக்க வேண்டும். வீட்டுக்காரர் மனம் பொருந்தியே இது நடக்க வேண்டும். மூன்றும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அது உன் வேலை.

கேட்டு முடிந்ததும் மனம் லேசாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் இதையே கேட்டேன். சொல்லை மாற்றவில்லை.

நோன்பு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்னவென்றால், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தது. உள்ளே நான் வெள்ளைச் சேலையோடு இத்தா, வெளியே கலியாண நிறம். மகள் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் அவர் பாட்டில் வேலையைப் பார்க்கட்டும், நான் சொன்ன இடத்தில் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன்.

நோன்பின் கடைசியில் மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். பொத்துவிலைச் சேர்ந்தவர். வீடு தயாராக இல்லாவிட்டால் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம் என்று நெருக்கியவர் இவர்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஹாஜியாரின் மனைவியும் மணப்பெண் ஸஹ்லாவும் கூட வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்து பார்த்தார். ஜன்னல்களை இழுத்துப் பார்த்தார். பிறகு சீலையை விலக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். இதோ எழும்பச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் என் பாயில் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தா எப்போது முடியும் என்று கேட்டார். ஹஜ்ஜுப் பெருநாளோடு என்றேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ட மனிசன் சுனாமில போனாரு,” என்றார். “நான் ஸ்கூல் வகுப்புக்குள்ளதான் இத்தா இருந்தன். ஒரு மூலைய சாரியால மறைச்சிட்டு. பலகைல புள்ளையள்ற கணக்கு அழியாமக் கெடந்திச்சி. மறுகா ஸ்கூல் தொறக்கணும் எண்டு எழுப்பினாங்க. அவங்களிலயும் பிழையில்ல. ஆனா எழும்பின அந்த நாள் இன்னும் மறக்கல்ல.”

பிறகு ஹாஜியாரின் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இவங்க எழும்பத் தேவல்ல. நிக்காஹ் சொன்ன நாளைக்கு நடக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் முடியுமட்டும் புள்ள என்னோட வந்து பொத்துவில்ல இரிக்கட்டும்.”

ஹாஜியாரின் மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா? எங்கள் ஊர்களில் கேள்விப்படாத கதை. வீடு கொடுக்க வக்கில்லாமல் பிள்ளையை அனுப்பினார்கள் என்று ஊர் சொல்லும் என்றார்.

“ஊர் கேட்டா என்னட்ட அனுப்புங்க,” என்றார் அந்த அம்மா.

ஸஹ்லா தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு ஓம்” என்றாள். அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நிறைய பறக்கத் செய்யட்டும்.

அடுத்த நாள் ஹாஜியார் வந்தார். சீலைக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தத் தரம் செருமவில்லை.

“ராத்தா, மனப் பொருத்தத்தோட சொல்றன். இத்தா முடியுமட்டும் இரிங்க.”

மருமகனிடம் வாடகையையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மஃரிப் தொழுதபோது ஸுஜூதிலிருந்து நெற்றியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவருக்காக முதன்முதலாக அன்றைக்குத்தான் ஆறுதலாக அழுதேன்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. வலீமா விருந்துச் சாப்பாடு முதல் சஹன் தட்டில் எனக்கு வந்தது. நான் இத்தாவில் இருந்த மாதங்களுக்குள் மருமகன் றிஸ்னாவின் வீட்டுக்குப் பின்பக்கம் தனி வாசலோடு எனக்கு ஓர் அறை கட்டி முடித்துவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து குளித்து உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டைக் கழுவித் துடைத்து, வாசல் பூட்டின் திறப்பை ஸஹ்லாவின் கையில் நானே கொடுத்தேன். மாமியும் மருமகளும் பொத்துவிலிலிருந்து ஒன்றாக வந்திருந்தார்கள். உம்மாவும் மகளும் என்று தெரியாத ஆட்கள் நினைப்பார்கள், அப்படி ஒட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் துஆ மாறிவிட்டது. முன்பெல்லாம் எனக்கு, என் பிள்ளைக்கு என்று கேட்டு முடிப்பேன். இப்போது எனக்கு எதிரில் நிற்கிறவருடைய தேவையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அல்லாஹ்வின் களஞ்சியத்தில் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும் என்பது இல்லை. இதை நான் கண்ணால் கண்டேன்.

சகோதரிகளே, தவணை முடிந்த வீட்டில் பயந்துகொண்டு இருக்கிறீர்களா? அவனிடம் கேளுங்கள். ஆனால் உங்களை எழும்பச் சொல்கிறவருக்கும் ஒரு மகள் இருப்பாள். அவளுக்காகவும் கையை ஏந்துங்கள். ஆமீன் சொல்ல நான் இருக்கிறேன்.