உச்சிப்புளியில் பத்து நிமிஷம்

காலை ஐந்தரை மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்பினோம். 1953ஆம் வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை. கார் என்னுடையது, ஓட்டுகிறவனும் நானே. பின் ஸீட்டில் என் தங்கை சௌந்தரமும் அவளுடைய நாலு மாதப் பெண் குழந்தையும். டிக்கியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், பலகாரக் கூடை, இவற்றோடு ஒரு காலன் எஞ்சின் எண்ணெய் டின். அந்த டின் இல்லாமல் நான் தெப்பக்குளம் வரைகூடப் போனதில்லை.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து கைமாறிக் கைமாறி மூன்றாவது ஆளாக எனக்கு வந்தது. பார்வைக்கு ராஜா! கறுப்பு மேனி, வெள்ளி மூக்கு. ஆனால் எண்ணெய் குடிக்கும். சாதாரணக் குடி இல்லை, மொடாக் குடி. மற்றவர்கள் பெட்ரோல் போடும்போது எண்ணெய் பார்ப்பார்கள். நான் எண்ணெய் போடும்போது பெட்ரோல் பார்ப்பேன். மாசி வீதியில் நான் திரும்பினால் பின்னால் எழும்பும் நீலப் புகையைப் பார்த்தே என் பாத்திரக் கடைக்கு எதிர்க்கடைக்காரர், "சாம்பிராணி போட்டாச்சு, முதலாளி வந்துட்டாரு" என்பார்.

இந்த வண்டியை நம்பி ஏன் இவ்வளவு தூரம் கிளம்பினேன் என்று கேட்பீர்கள். வாய்க் கொழுப்புதான், வேறென்ன! சௌந்தரத்தின் புருஷன் கண்டியில் சைவ ஹோட்டல் வைத்திருக்கிறார். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் பிரசவத்துக்காக ஆறு மாதத்துக்கு முன் என் வீட்டுக்கு வந்தாள். திரும்ப இலங்கைக்குள் நுழைய அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டு மறுநாள் சனிக்கிழமையோடு முடிகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணம் கடைசி நாள்வரை தள்ளிவிட்டது. கார் போகும் சாலை மண்டபத்தோடு சரி, அதற்கப்பால் கடல்மேல் ரயில் பாலம்தான். இன்று மதியம் ஒன்று இருபதுக்கு மண்டபத்தில் ரயிலைப் பிடித்தால்தான் தனுஷ்கோடியில் கப்பல். நாளைக்குக் கப்பல் கிடையாது. சீட்டு காலாவதியானால் மறுபடி எழுதிப்போட்டு வாங்க எத்தனை மாதமோ, கிடைக்குமோ கிடைக்காதோ, யாருக்கும் தெரியாது. தலைமன்னாரில் மாப்பிள்ளை பெற்ற பிள்ளையின் முகத்தை முதல்முறை பார்க்கக் காத்திருக்கிறார்.

"மதுரையிலேயே ரயிலேத்தி விட்டுருங்க" என்று என் மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். "கார் எதுக்கு இருக்கு? தங்கச்சியை மூட்டை மாதிரி ரயில்ல போட்டு அனுப்பவா?" என்று மார்தட்டிவிட்டேன். சௌந்தரம் மட்டும், "பதறாத காரியம் சிதறாதுண்ணே, மெதுவா ஓட்டுங்க" என்றாள். நூற்றுச் சொச்சம் மைலுக்கு ஏழரை மணி நேரம் கையில் இருக்கிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மானாமதுரை, காலை ஏழு மணி. முப்பது மைல் பறந்து வந்திருந்தோம். வைகை மணலில் வெயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரம் புதுப்பானைகளை அடுக்கியிருந்தார்கள். எஞ்சினை நிறுத்திய கையோடு பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். அந்தக் கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு உண்டு. மேல்கோடுவரை எண்ணெய் ஒட்டியிருந்தால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே! "பாவி, முப்பது மைலுக்குள்ளயா?" என்று திட்டிவிட்டு டின்னிலிருந்து ஒரு பைண்ட், காலனில் எட்டில் ஒரு பங்கு, ஊற்றினேன். அடுத்த நிமிஷம் கிளம்பிவிட்டோம்.

பரமக்குடிக்கு எட்டு மணிக்குள் வந்துவிட்டோம். அங்கே பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று ஒரு வக்கீலுடையது, மற்றது முதுகுளத்தூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவருடையது. இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற காட்சியைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது.

"உங்களதும் குடிக்குதா?" என்றேன்.

"குடிக்குதாவா? என் மாமனார் வீட்டு ஆளுகளே தேவலை" என்றார் மிராசுதார். "பண்ணை மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குற செலவுகூட இம்புட்டு ஆகாது."

வக்கீல் ரொம்ப வருத்தத்தோடு பேசினார். "மதுரையில பிஸ்டன் வளையம் மாத்தச் சொன்னான். மாத்துனேன். ஒரு வாரம் ஒழுங்கா இருந்துச்சு. பெறகு பழைய குருடி கதவைத் திறடி! கோர்ட்டுக்கு நான் போறதுக்கு முந்தி என் புகை போயிருது."

பங்குக்காரர் எண்ணெய்க் குவளையைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்: "குறைஞ்சாத்தான் எஞ்சினுக்குக் கேடு முதலாளி. கூடினா என்ன செஞ்சுரப்போகுது? வீட்டுக்கு வந்த விருந்தாளி போதும்னு சொன்னா விட்டுருவோமா? இன்னும் ஒரு கரண்டி வைக்கிறதுதான நம்ம வழக்கம்!"

அந்தப் பேச்சு எங்கள் மூவருக்கும் வெல்லமாக இனித்தது. மிராசுதார் இரண்டு பைண்ட் ஊற்றச் சொன்னார், வக்கீலும் இரண்டு. நான் மட்டும் இளைத்தவனா? பைண்ட் ஒன்றேகால் ரூபாய் வீதம் எனக்கும் இரண்டு ஊற்றச் சொல்லி, டின்னை அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டேன். பேசிப் பேசியே அங்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. காரில் உட்கார்ந்தபடி சௌந்தரம் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "கிளம்பலாமாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். என் காதில் விழவில்லை.

ராமநாதபுரம், காலை பத்தேகால். அரண்மனைக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். காற்றில் உப்பு வாசனை வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாம்பன் பாலத்தை நான் பார்த்ததே கிடையாது! இன்னும் இருபத்துநாலே மைல். அளவுக் கம்பியை உருவினேன். மறுபடியும் கீழ்க்கோடு! டின்னிலிருந்து இன்னும் இரண்டு பைண்ட் ஊற்றினேன். புகை அப்போதே கருநீலமாகிவிட்டிருந்தது. மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் தும்மின. எஞ்சின் சத்தத்திலும் ஒரு திக்கல். நான் கவனித்தேன். கவனித்தும் மிதித்தேன்.

உச்சிப்புளிக்கு ஒரு பர்லாங்கு முன்னால், பதினொன்று ஐந்துக்கு, கார் இருமியது. மூன்று இருமல், ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

இரு பக்கமும் பனைகள், வெள்ளை மணல், உடைமுள் மரம். சாலையில் ஈ காக்கை இல்லை. மண்டபம் இன்னும் பதினாலு மைல். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் போட்டுச் சுற்றினேன், சுற்றினேன், தோள்பட்டை கழன்றது. உயிர் வரவில்லை. "எண்ணெய்தான் தீர்ந்திருக்கும்!" என்று கத்திக்கொண்டு டின்னைத் தூக்கினேன். சௌந்தரம் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஊத்தாதீய! ஊத்தாதீய!"

பனங்காட்டுக்குள்ளிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, விரல் நகங்களில் என் நகத்தில் இருந்ததைப் போலவே எண்ணெய் அழுக்கு. பெயர் மீரான், பாம்பனில் ஒரு மோட்டார் லாஞ்சுப் படகில் எஞ்சின் டிரைவர். உச்சிப்புளியில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்துவிட்டு, மண்டபம் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாராம். புகையைப் பார்த்ததுமே வியாதி தெரிந்துவிட்டதாம்.

"இன்னைக்கு எத்தனை தடவை ஊத்துனீய?"

"மூணு தடவை. அஞ்சு பைண்ட்."

"யா அல்லா! கம்பியை எப்பப் பாத்தீய? நிறுத்தி எம்புட்டு நேரங் கழிச்சு?"

"நேரமா? நிறுத்தின உடனே."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓடுற எஞ்சின்ல எண்ணெய் பூராம் மேல ஏறி நிக்கும் அய்யா. நிறுத்துன உடனே பாத்தா கம்பி குறைச்சலாத்தான் காட்டும். பத்து நிமிசம் விட்டா சொட்டுச் சொட்டாக் கீழ வந்து சேந்துரும். நீங்க அது வந்து சேருறதுக்கு முந்தியே மேக்கொண்டு ஊத்திருக்கீய. எங்கன போகும் அது? புகையா எரியும், பொறி விடுற பிளக்கை நனைச்சு வண்டியை நிறுத்திரும். உங்க எஞ்சின் எண்ணெய் குடிக்கல. நீங்க மூக்கப் புடிச்சுப் புகட்டிருக்கீய."

ஒரு வருஷமாக ஊரெல்லாம் நான் பரப்பிய பழி ஒரு நொடியில் என் தலையில் வந்து இறங்கியது. பிறகு, "சரி, சீக்கிரம் சரி பண்ணுங்க! ஒண்ணு இருபதுக்கு ரயில்!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பிளக்கு நாலையும் நான் கழட்டித் துடைக்கேன். எண்ணெய் பூராம் கீழ இறங்குனாத்தான் கூடுனதை அளந்து எடுக்க ஏலும். அதுக்குப் பத்து நிமிசம் வேணும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும் அய்யா. அதுவரைக்கும் நீங்க வண்டிகிட்ட வரப்படாது. அங்கன, அந்த நெழல்ல போயி தங்கச்சிகூட இருங்க. நீங்க நின்னா எனக்கே படபடங்குது."

என் காரிலிருந்தே என்னை விரட்டிவிட்டார்! போய்ப் பனை நிழலில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டு. மறுபடி பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டுதான்.

"இவளைக் கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள் சௌந்தரம். அது என் எண்ணெய் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்னக் கைக்கு எவ்வளவு பலம்! சௌந்தரம் தானாகப் பேசினாள். கண்டியில் விடியற்காலைப் பனியில் எதிர்வீடு தெரியாதாம். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் முதல் வருஷம் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாளாம். "சட்டம் மாறிக்கிட்டே இருக்கு. இந்தத் தடவை போனா மறுபடி எப்ப விடுவாங்களோ தெரியலண்ணே. பயமா இருக்கு" என்றாள். ஆறு மாதம் என் வீட்டில் இருந்தாள். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அதிகாலையில் கடைக்குப் போய் ராத்திரி வந்து, சோறு, படுக்கை. கேட்டதில்லை, அதனால் அவளும் சொன்னதில்லை.

"வாங்க அய்யா, பாருங்க!" என்று மீரான் கூப்பிட்டார். நேரம் போனதே தெரியவில்லை. கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடைக்கு ஏறியிருந்தது. அடியில் திருகைத் தளர்த்தி, கூடுதல் எண்ணெயை என் டின்னிலேயே பிடித்து, சரியாக மேல்கோட்டில் நிறுத்தினார். பிளக்குகளை மாட்டிக் கைப்பிடியை ஒரே சுற்று. கார் பாடியது! ஆமாம், பாடியது. முதலில் ஒரு வாய்ப் புகை வந்தது, அப்புறம் இல்லை. நான் மீரானைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "அட விடுங்க, என்னையும் மண்டபத்துல இறக்கி விட்டுருங்க" என்று சிரித்தார்.

மண்டபம், பகல் பன்னிரண்டரை மணி. கடைசி ஐந்து மைல், இரு பக்கமும் கடல். இடதுபுறம் பச்சை, வலதுபுறம் நீலம். "சௌந்தரம், பார்! பார்!" என்று நான் கூச்சல் போட்டதில் குழந்தை விழித்து அழுதது. இலங்கை போகிறவர்களைச் சோதிக்கும் டாக்டர் பார்த்துச் சீட்டில் முத்திரை விழ இருபது நிமிஷம் ஆனது. ரயிலில் கண்டிக்குப் போகும் குடும்பம் ஒன்று அவளுக்குத் துணையாக இடம்பிடித்து வைத்திருந்தது. கப்பல் பயணிகளைத் தவிர அந்தப் பெட்டியில் யாரையும் ஏற்றவில்லை. லாஞ்சுக்குப் போக அவசரமில்லாமல் மீரானும் என்னோடு பிளாட்பாரத்தில் நின்றார்.

"வண்டி சதி பண்ணிருச்சு, மன்னிச்சுக்கம்மா" என்றேன் ஜன்னலில்.

"வண்டி என்னண்ணே செஞ்சுச்சு?" என்றாள் சௌந்தரம். கண் நிறைந்திருந்தது, உதடு சிரித்தது. "இந்த ஆறு மாசத்துல நீங்க என் பக்கத்துல உக்காந்தது அந்தப் பத்து நிமிசந்தான்."

ரயில் நகர்ந்துவிட்டது.

மீரானையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு விரட்டினேன். அவரை லாஞ்சுத் துறையில் இறக்கிவிட்டு, பாலம் தெரிகிற மணல்மேட்டில் காரை நிறுத்தினேன். எத்தனை வருஷ ஆசை அந்தப் பாலம்! கடலுக்கு நடுவில் தூண்கள் வரிசையாக நின்றன, மேலே ரயில் எறும்பாக ஊர்ந்தது. காற்று பலமாக இருந்ததால் இன்னும் மெதுவாகப் போனது. ஒரு ஜன்னலில் மஞ்சள் துணி ஆடியது. குழந்தையின் துண்டாகத்தான் இருக்கும். அது அக்கரையின் தென்னைகளுக்குள் மறைகிறவரை, பத்து நிமிஷத்துக்கு மேல், அசையாமல் நின்றேன்.

பிறகுதான் பானெட்டைத் திறந்தேன். அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு, உருவினேன். மேல்கோட்டில், மயிரிழை பிசகாமல், எண்ணெய் நின்றது. உச்சிப்புளியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை! பரமக்குடிக்கு ஓடிப்போய் வக்கீலிடமும் மிராசுதாரிடமும் கத்தவேண்டும்போல அப்படி ஒரு சந்தோஷம்.

"சௌந்தரம், இங்கே பாரம்மா!" என்று கம்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

பின் ஸீட்டில் விசிறி மட்டும் கிடந்தது.