கலசத்தில் வைத்த ஃபோகஸ்

காஜா அன்று பிறையைப் பார்த்தான். அதற்கான சாட்சி என்னிடம் இருந்தது. இருந்தும் அவனைப் பொய்யனாகவே விட்டுவிட்டேன்!

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணப் போட்டோக்காரன். வீடு ஆனையூரில், ஸ்டுடியோ ஆரப்பாளையத்தில். தாலி ஏறும் கணத்தை ஒருமுறைகூடக் கலங்கலாக எடுத்ததில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. ஆசைப்பட்டு ஒரு தொலைநோக்கி வாங்கி, அதன் பின்னால் கேமராவைப் பொருத்தி நிலாவைப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தேன்.

காஜா என் பள்ளித் தோழன், கோரிப்பாளையத்துக்காரன். கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வருடம் முழுக்க சினிமாத் தியேட்டரில் கிடந்தவன். குட்டு உடைந்த நாளிலிருந்து அவனுடைய அத்தா அவன் சொல்லும் எதையும் நம்புவதில்லை. 'மழை பெய்யுது' என்றால்கூட வெளியே கை நீட்டிப் பார்ப்பார்.

அந்த இருபத்தொன்பதாம் நோன்பன்று அவன்தான் என்னை அழைத்தான். "மாப்ள, மெசினத் தூக்கிட்டு எங்க மாடிக்கு வா. பிறையப் படம் புடிப்போம்."

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டேன். தொலைவில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்து ஃபோகஸைச் சரிசெய்ய வேண்டும். மதுரைக்காரனுக்குக் கோபுரத்தைவிடத் தொலைவு ஏது! ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெற்குக் கோபுரம். அதன் கலசத்தின் முனை திரையில் ஊசியாக நிற்கும்வரை குமிழைத் திருகினேன். பிறகு இறுக்கிப் பூட்டி, யாரும் தொட்டுவிடாதபடி மேலே டேப்பும் ஒட்டினேன். அதோடு விட்டேனா... "கண்ணு ஏமாத்தும் மாப்ள, இது ஏமாத்தாது" என்று கீழே வீட்டிலிருந்த எல்லோர் காதிலும் விழும்படி பீற்றிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தது. நோன்பு திறந்துவிட்டு அத்தாவும் அக்கம்பக்கத்தாரும் பிறை தேடி மாடிக்கு வந்தார்கள்; தெரிந்தால் மறுநாளே பெருநாள். மேற்கே ஒரே மேகம். ஒரு கணம் அது விலகியது.

"அந்தா... பிறை!" என்று காஜா கத்தினான்.

அவன் விரல் காட்டிய பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிப் படபடவென்று எடுத்தேன். மற்றவர்கள் கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள்.

"அல்லா மேல ஆணையா பாத்தேன் அத்தா!"

அத்தா அவனை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை எட்டிப் பார்த்தது என்று இன்றும் சொல்வேன். ஜமாத்துக்கு அழைத்துப் போய்ச் சாட்சி சொல்ல வைத்திருப்பார். ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்க மெசின்ல விழுந்திருக்கா?"

திரையில் சாம்பல் நிற வானம் மட்டும். "இல்ல அத்தா" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நோன்பு தொறந்த வாயில ஈரம் காயல... அதுக்குள்ள பொய்ச் சத்தியமாடா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். பிறகு எந்த ஊரிலிருந்தும் பிறை தெரிந்ததாகச் செய்தி வரவில்லை. மறுநாளும் நோன்பு.

இதுவரை நான் செய்தது வெறும் தவறு. குற்றம் இனிமேல்தான்!

வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஒரு படத்தில், சாம்பலுக்குள் சாம்பலாக, வளைந்த புகை போல ஒரு தடம்... பிறை! நூல் போல விழ வேண்டியது பட்டையாகப் பரந்து வானத்தோடு கரைந்திருந்தது. கோபுரம் எனக்குத்தான் தொலைவு; நிலாவோடு ஒப்பிட்டால் அது மூக்கு நுனி. கலசத்துக்கு வைத்த ஃபோகஸ் நிலாவுக்கு எப்படிப் பொருந்தும்? கற்றுக்குட்டியும் செய்யாத பிழை!

கைப்பேசியை எடுத்தேன். அத்தாவின் எண்ணையும் தேடி வைத்தேன். அழைத்திருக்கலாம் அல்லவா? ஏன் அழைக்கவில்லை? போட்டோக்காரனுக்கு ஃபோகஸ் தெரியவில்லை என்று கோரிப்பாளையம் சிரிக்குமே என்று பயந்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால்கூட மனம் சற்று ஆறியிருக்கும்...

பெருநாள் விருந்துக்குப் போனேன். ஆம், வெட்கமில்லாமல் போனேன்! அத்தா தன் கையாலேயே என் தட்டில் கறியை அள்ளி வைத்தார். "உண்மையச் சொன்ன புள்ள, நல்லாச் சாப்பிடணும்" என்றார். காஜா தலைகுனிந்து எனக்குத் தண்ணீர் ஊற்றினான். நான் சாப்பிட்டேன்.

அடுத்த நோன்பு வரும்போது அத்தா இல்லை. மகன் பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற எண்ணத்தோடேயே போய்ச் சேர்ந்தார். அந்த எண்ணத்தை இனி யாரிடம் போய் நான் திருத்துவது, சொல்லுங்கள்?

காஜா இன்றும் ஆண்டுதோறும் என்னை அழைக்கிறான். நான் இப்போதெல்லாம் கலசத்தைத் தொடுவதில்லை. முந்தின இரவே நட்சத்திரத்தைப் பார்த்து ஃபோகஸ் வைத்துவிடுகிறேன். இந்த ஆண்டு திரையில் பிறை கம்பியிழையாக விழுந்தது. காஜா வானத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேல பாருடா, நல்லாத் தெரியுது" என்றேன்.

"எதுக்கு மாப்ள? அன்னைக்கும் இப்படித்தான் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. என் கண்ண நானே நம்புறதில்ல. நீ சொல்லு, இருக்கா?"

அந்தப் பழைய படம் என் சட்டைப் பையில், கைப்பேசிக்குள் இருந்தது. எடுத்து நீட்ட எவ்வளவு நேரம் ஆகும்!

"இருக்கு மாப்ள" என்றேன். புதிய பிறையை மட்டும் சொன்னேன். அவன் மாடி விளிம்புக்கு ஓடி, தெருவைப் பார்த்து, "பிறை தெரிஞ்சிருச்சு! எங்க மாப்ள பாத்துட்டான்!" என்று கூவினான்.