கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடிக்காற்று

இன்று திருநெல்வேலியிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நடந்தது. இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

வாரம் முழுக்க ஆபீசில் அடைந்து கிடப்பவளுக்கு ஒரே ஒரு சுகம்தான். காற்றாலைகள் நிற்கிற முப்பந்தல் வந்ததும் ஜன்னல் வழியாக மோதுகிற ஆடிக்காற்று. மூச்சு முட்டும், கண்ணில் நீர் வரும், காரணமே இல்லாமல் சிரிப்பும் வரும். சந்தோஷப்பட ஏதாவது நல்ல சேதி வேண்டும். இந்தக் குதூகலத்துக்குக் காற்று போதும்.

அதற்காகவே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஜன்னல் சீட் பிடித்தேன்.

முதல் காற்று முகத்தில் அடித்ததுதான் தாமதம், பக்கத்து சீட் அக்கா என் மேல் சாய்ந்து கண்ணாடியை இழுத்து மூடிவிட்டார்.

"கொஞ்ச நேரம்தான் அக்கா. ஆரல்வாய்மொழி தாண்டினதும் நானே அடைச்சிருதேன்."

"சும்மா இரி மக்களே. தலமுடி எல்லாம் பறக்கு. இந்தக் காத்துல அப்படி என்னத்தக் கண்ட?"

மூடிய கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தேன்.

எங்களைப் பார்த்து மற்றவர்களும் ஜன்னலை அடைத்தார்கள். வெளியே அத்தனை காற்றாலையும் பேயாட்டம் ஆடுகிறது. உள்ளே ஒரே புழுக்கம்.

தோவாளை வரும்போது அக்கா, "என்னா வெக்கை!" என்று கைப்பையிலிருந்து ஒரு குட்டி சார்ஜ் ஃபேனை எடுத்தார். பாவம் பார்த்து என் பக்கமும் திருப்பினார்.

"காத்து வருதா மக்களே?"

வந்தது அக்கா. காற்றாலையில் கரண்டாகி, உங்கள் வீட்டு பிளக்கில் ஏறி, இப்போதுதான் வந்து சேர்ந்தது.

இதற்கு நான் நன்றி வேறு சொன்னேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?