மொக்குப் பிள்ளையாக ஆறு மாதம்

நான்காம் வகுப்பில் படித்தபோது ஆறு மாதம் எங்கள் ஊரே என்னைப் படிப்பு ஏறாத மொக்குப் பிள்ளை என்று நம்பியது. நம்பவைத்தவர் வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற அம்மாதான். அதுவரை மூன்றாம் இடத்துக்குக் கீழே போகாதவள் நான். கொப்பிக்கு உறை போடுவதில்கூட ஒருவரையும் முந்த விடமாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு வந்த சோதனையை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

விஷயம் இதுதான். வாவியில் வலை வீசும் அப்பாவுக்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் தவறாமல் குளிசை விழுங்கினால் சுகமாகும், இடையில் விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அதே மாதத்தில்தான் பக்கத்து வளவு மாமி அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். நோயின் பெயர் வேலி தாண்டினால் கல்யாணம் நின்றுவிடும் என்று அப்பா பயந்தார். "வெளியில ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் குளிசை முழுக்க வாவிக்குள்ள கொட்டிப்போடுவன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னால் செய்கிறவர். இதெல்லாம் அக்கா தன் இரண்டாவது பிள்ளையைப் பெற்ற பிறகு எனக்குச் சொன்னவை. அப்போது எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குச் சளி, அவர் கோப்பையைத் தொடக்கூடாது என்பது மட்டுந்தான்.

கிளினிக்கிலிருந்து ஒரு சமூக சேவை மிஸ்ஸை அனுப்பினார்கள். சின்ன வயதுக்காரி. ஒவ்வொரு வியாழனும் வாவியைக் கடக்கிற மிதவையில் ஸ்கூட்டியை ஏற்றி எங்கள் படுவான்கரைக்கு வருவார். அப்பா ஒழுங்காகக் குளிசை விழுங்குகிறாரா என்று பார்ப்பதும், மனம் விட்டுப்போகாமல் அவரோடு பேசுவதும் மிஸ்ஸின் வேலை. முதல் நாளே மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஆருகா அது, ஸ்கூட்டியில வந்த புள்ள?" என்று கேட்டார். அம்மாவின் வாயில் முதலில் அகப்பட்டது நான்.

"சின்னவளுக்குப் படிப்பு ஏறுதில்ல மச்சாள். அதுக்குத்தான் மிஸ் வாறா."

அன்றிலிருந்து வியாழன் என்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடப்பேன். அம்மாவும் நடப்பார், வேலியைப் பார்த்தபடி. தொழிலுக்குப் போகாத அப்பா உள்ளே படுப்பார், எழும்புவார், மறுபடி படுப்பார். அந்த வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் விறாந்தையில் பாய் விரித்து, மாமிக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் என்னை இருத்துவார்கள். மிஸ் முதலில் உள்ளே போய் அப்பாவோடு மெல்லிய குரலில் பேசுவார். பிறகு வெளியே வந்து எனக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

சொல்லிக்கொடுப்பதா அது? கண் கொப்பியில் இருக்கும், காது உள்ளே அப்பாவின் இருமலில் இருக்கும். ஒருநாள் வேண்டுமென்றே ஐந்து கணக்கையும் பிழையாகச் செய்து நீட்டினேன். ஐந்துக்கும் சரி போட்டார். இப்படி ஒருவர் எனக்குப் படிப்பிக்க வருவதா என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு உழைப்பில்லாத அந்த மாதங்களில் எனக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் எங்கோ சொல்லி வாங்கித் தந்தவரும் அவர்தான். மொக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பை என்று நினைத்து அதை முன்புறம் தெரியாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு போவேன்.

நடுவில் மிஸ் அக்காவையும் என்னையும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுப்பித்தார். எனக்கு அறிவு எவ்வளவு என்று பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். மூளை தலைக்குள்தானே இருக்கிறது, ஏன் நெஞ்சைப் படம் பிடிக்கிறீர்கள் என்று படம் எடுத்தவரிடம் கேட்டேன். அவர் மூச்சை அடக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

கதை பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் தன் கணக்கைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. தவணைப் பரீட்சைக்கு வெறிபிடித்தவள்போலப் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தேன். தேர்ச்சி அறிக்கை கிடைத்ததும் ஒரு வியாழக்கிழமைதான். மிஸ் வந்து பாயில் அமரும்வரை காத்திருந்து, வேலிவரை கேட்கிற குரலில் சொன்னேன்: "நான்தான் முதலாம் பிள்ளை. இனி நீங்க வரத் தேவல்ல."

மாமி வேலியடியில்தான் நின்றார். "நல்ல விஷயம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "முதலாம் பிள்ளைக்கு எதுக்குகா மிஸ்? வந்தா உள்ளுக்குத்தானே கூட நேரம் நிக்கிறா" என்றார்.

அம்மா கையில் இருந்த தேநீர்க் கோப்பையை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்பா குளிசைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார் என்று உள்ளே நின்ற அக்கா பின்னாளில் சொன்னாள்.

மிஸ் அறிக்கையை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவசரப்படவில்லை.

"இது இவட சொந்தப் புத்தியில எழுதினதில்ல மாமி. கொப்பி அடிச்சிரிக்கா. இன்னும் மூணு மாசத்துக்கு நான் வரத்தான் வேணும்."

"பாவம். பாத்தாத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மாமி போனார்.

யாராவது என்னை ஒரு சொல் சொன்னாலும் சண்டைக்குப் போகிற அப்பா இப்போது எழுந்து வருவார், என் மகள் கொப்பி அடிக்கமாட்டாள் என்று சொல்வார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அன்றோடு அப்பாவோடு பேசுவதை விட்டேன். அடுத்த வியாழன் மிஸ் கலர்ப் பென்சில் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். நான் தொடவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மனிதரைப் பிழைக்கவைக்க ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுக்கலாமா என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள். அவருக்கு அன்று யோசிக்க ஒரு நிமிடம்தான் இருந்தது. அது எனக்கு இப்போது விளங்குகிறது. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை.

மூன்று மாதம் போனது. ஒரு வியாழன் மிஸ் வரவில்லை, அடுத்த வியாழனும் வரவில்லை. கொப்பியைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தே ஆளை ஓட்டிவிட்டேன் என்று எனக்கு நிலைகொள்ளாத பெருமை. அதைச் சொல்ல யாராவது வேண்டும் என்று கரைக்கு ஓடினேன். அப்பா தோணியில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். கோபத்தை மறந்து, "மிஸ்ஸ நான்தான் துரத்தினன்" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஓம் மகள், நீதான் துரத்தின" என்று சொல்லிவிட்டு, தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். என்னைக் கேலி செய்கிறார் என்று எனக்குத் திரும்பவும் கோபம் வந்து, காலால் மணலை எற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவ்வளவு நேரம் சிரித்தவர் ஒருமுறைகூட இருமவில்லை. அது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.