திருமழிசை போகும் வழியில் போனைக் கையில் கொடுத்தேன்

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகைக்கு நாங்கள் ஃபிளாட் வாங்கி வந்து நான்கு வருடம். பதினேழு கிலோமீட்டரில் இருக்கும் திருமழிசைக் கோயிலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி தேவி ஆசைப்பட்டதால் கிளம்பினோம். அவளுக்குப் பதினாலாவது வாரம். இரண்டு தடவை கலைந்த பிறகு தங்கியது. ஐந்தாம் மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

காலை 6.10க்குக் காரை எடுத்தோம். இருநூறு ரூபாய் பெட்ரோல் போய்வரத் தாராளம். பருத்திப்பட்டு தாண்டி, பள்ளம் பார்த்து உருட்டி, 6.45க்குப் பூந்தமல்லியை நெருங்கும்போது போலீஸ் சோதனை. எந்த இடம் என்று எழுத மாட்டேன். என் தைரியம் அவ்வளவுதான்.

“லைசென்ஸ், ஆர்சி காமி சார்” என்றார் கான்ஸ்டபிள். கேட்க அவருக்கு உரிமை உண்டு. இப்போதெல்லாம் யார் அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்? அரசாங்க ஆப்பைத் திறந்து, போனை அப்படியே ஜன்னல் வழியாக நீட்டினேன். எல்லோரும் செய்வதுதானே! அவர் லைசென்ஸைப் பார்த்தார். அப்புறம் சாவகாசமாக வாட்ஸப்புக்குள் போய்விட்டார்.

“இன்னா சார், டாக்டரம்மா ‘இந்த வாட்டி பயமில்லை’ன்னு போட்டுகீறாங்க? முன்னாடி கலைஞ்சி பூட்ச்சா?” சத்தமாகவே கேட்டார்.

அடப்பாவி! “ஆமா சார்” என்றேன். கூடவே ஓர் அசட்டுச் சிரிப்பு. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் எங்கள் மேல்மாடிக்காரர். எல்லாம் அவர் காதில் விழுந்தது. போன் திரும்பி வந்தது, போகச் சொன்னார்கள்.

சந்நிதியில் தேவி கண்ணைத் திறக்கவே இல்லை. வெளியே வந்ததும் அவள் காரில் உட்கார்ந்துகொண்டாள். எதிரே டீக்கடை, டீ பதினைந்து ரூபாய். போலீஸ்காரர் போனை நோண்டியதைக் கடைக்காரரிடம் புலம்பினேன்.

“ஏன் நைனா கையில குட்த்த? நீ புட்ச்சிகினு காமிக்கணும். அவுரு லைசென்ஸ்தான கேட்டாரு, உன் ஊட்டுக் கதையையா கேட்டாரு?”

பிறகு விசாரித்தபோது என் வக்கீல் நண்பனும் அதையேதான் சொன்னான். சீருடையில் இருப்பவர் கேட்டால் ஆவணத்தைக் காட்டியே தீர வேண்டும். திரையில் காட்டினால் போதும். வண்டிச் சோதனை என்று சொல்லிப் போனுக்குள் துழாவ அவருக்கு அதிகாரம் இல்லை. “மத்ததைப் பார்க்க வேண்டாம் சார்” என்று பணிவாகச் சொல்லலாம். சட்டையில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளலாம். போகிறவர்கள் லைசென்ஸ் அட்டையையே எடுத்துப் போங்கள், புண்ணியமாகப் போகும்.

வீடு திரும்பும்போது 9.20. அதற்குள் ஃபிளாட் வாட்ஸப் குழுவில் மேல்மாடிக்காரர் வாழ்த்துப் போட்டிருந்தார். மதியத்துக்குள் நாற்பத்தொரு வாழ்த்து. “இந்தத் தடவை நல்லபடியா நிக்கட்டும்” என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

சாயங்காலம் தேவி கேட்டாள்.

“அவர் படிச்சது அவரோட திமிரு. அதை விடுங்க. நம்ம பிள்ளைங்க போனதைக் கேட்டப்போ நீங்க ஏன் சிரிச்சீங்க?”